மலைமேல் ஒரு அடிக்கட்டை

செங்கல்தேரி ஓய்வு இல்லத்துக்கு மேலே, ஓடையை இரண்டு தடவை தாண்டிப் போனால் ஒரு நாங்கு மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. 1984 ஐப்பசியில், வாட்சராக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அதை முதலில் பார்த்தேன். கொட்டுகிற மழையில் கால் கடுத்துப்போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தோம். நானும் கூட வந்த காணிக்காரப் பழங்குடிப் பெரியவரும் தோளோடு தோள் உட்கார்ந்தும் இடம் மிச்சம் இருந்தது. எனக்கு முந்தின தலைமுறையில், பெரிய மரமாகப் பார்த்துத் தேர்ந்து வெட்டிய காலத்தில் விழுந்த மரம் அது. நாங்கு வைரம் பாய்ந்த மரம். கோடரியின் வாய் மடங்கிவிடும். வெட்டுப்பட்டுப் பல வருஷம் ஆகியும் கட்டை உளுத்துப்போகவில்லை. அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நாங்குக் கன்று. உச்சியில் துளிர் மட்டும் செக்கச்செவேலென்று மழைக்குத் தலை தொங்கி நின்றது. அதற்குக் கீழே ஐந்தாறு கரும்பச்சை இலை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கன்றைப் பார்க்காமல் வந்ததில்லை. வாட்சராக, வனக்காப்பாளராக, கடைசியில் வனவராக, 2019-இல் ஓய்வு பெறும்வரை பார்த்தேன். பழங்காடு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அந்தக் கன்று வளர்ந்த வேகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

நான் சேர்ந்தபோது இந்தக் காடு களக்காடு சரணாலயம். சிங்கவால் குரங்குக்காக 1976-இல் அறிவித்தது. வடக்கே முண்டந்துறை 1962-லேயே புலிகளுக்கென்று சரணாலயமாகியிருந்தது. 1988-இல் இரண்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நாட்டில் 17-ஆவது, தமிழ்நாட்டில் முதலாவது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு எப்போதும் ஒரே பெயர்தான்: மலை. பாபநாசத்தில் கேட்டாலும் திருக்குறுங்குடியில் கேட்டாலும் "மலைக்குப் போயிருக்கான்" என்பார்கள். தாமிரபரணியும் மணிமுத்தாறும் பச்சையாறும் அந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. காரையாறு அணையில் 143 அடி தண்ணீர் நின்றால்தான் எங்கள் பக்கம் கார் நடவைப் பற்றிக் கவலையில்லாமல் பேசுவார்கள்.

முதல் இரண்டு வருஷம் எனக்குக் காட்டைக் காட்டித் தந்தவர் அந்தக் காணிக்காரப் பெரியவர். காட்டுக்குள் பகல் 11 மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். நான் தரையைப் பார்த்தே நடப்பேன். ஒன்று அட்டைக்குப் பயம், மற்றது வழி தவறும் பயம். கணுக்காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போனாலும் திரும்பி வரும்போது சாக்ஸ் ரத்தமாக இருக்கும். அவர் கீழே பார்க்கவே மாட்டார். கருமந்தி எந்தப் பக்கம் சத்தம் கொடுக்கிறது, மிளா எதற்காக ஓடையில் இறங்காமல் நிற்கிறது என்றே காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஆனிமாதக் காற்றில் பெரிய காட்டிலுப்பை ஒன்று வழிக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வழியைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. நான் அரிவாளை எடுத்தேன். பெரியவர் தடுத்தார். "சுத்திப் போவோம் சார். வெட்டி இழுத்தா கீழ கெடக்குற பிள்ளைங்க எல்லாம் செத்துரும்." எனக்குப் புரியவில்லை. குனிந்து விழுந்த கொம்புகளுக்கு அடியில் இலையை விலக்கிக் காட்டினார். ஒரு சாண் உயரத்தில் கன்றுகள், நெருக்கமாக, நாற்றங்காலில் விட்டது போல. "இது நேத்து மொளச்சதில்ல சார். எம் பேரன் பொறந்த வருசம் காய்ச்சுக் கொட்டுன விதை. அவன் இப்ப பள்ளிக்கூடத்துக்குப் போறான்."

காட்டிலுப்பை வருஷாவருஷம் காய்க்காது. சில வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே வருஷத்தில் கொட்டித் தீர்க்கும். முளைத்த கன்றுகள் நிழலில் வளராமலும் சாகாமலும் அப்படியே நிற்கும். என்றைக்கோ ஒரு கிழட்டு மரம் விழுந்து வானம் திறந்தால், அன்றைக்குத்தான் அவற்றுக்கு விடிவு. எங்களை மாதிரி ஆட்கள் அந்த இடத்தைச் 'சுத்தம்' செய்தால் பத்து வருஷக் காத்திருப்பு ஒரு காலையில் போய்விடும். அன்றுமுதல் நான் விழுந்த மரத்தைச் சுற்றித்தான் போனேன்; எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களையும் சுற்றிப் போக வைத்தேன்.

இனி நான் தவறாகச் செய்த ஒன்று. 1986 என்று நினைவு. அந்நாளில் எங்கள் வேலையில் பெரும்பகுதி விறகுக்காரப் பெண்களை மறிப்பதுதான். விடியற்காலம் நான்கு மணிக்கே அடிவாரத்து ஊர்களிலிருந்து சும்மாடும் அரிவாளுமாக வரிசை வரிசையாக ஏறுவார்கள். பத்து மணிக்கு மேல் 30 கிலோ சுமையோடு இறங்குவார்கள். அன்றைக்கு ஒற்றையடிப் பாதையில் நான் மறித்த பெண்ணுக்கு என் அக்காள் வயது இருக்கும். கட்டை இறக்கச் சொல்லி, அரிவாளைப் பிடுங்கினேன். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, தலைச்சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அருவாள வச்சுக்கிடுங்க தம்பி. நாளைக்கு எம் பிள்ளையளுக்கு எத வச்சு ஒல கொதிக்க வைக்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எரிந்தது மலை விறகு. பட்டையைப் பார்த்தாலே எந்தச் சரிவில் வெட்டியது என்று சொல்லுகிற அளவுக்கு எனக்குப் பழக்கம் வந்திருந்தது. "ஏது?" என்றேன். "எப்பவும் வாங்குறதுதானடா" என்றாள். மலையில் நான் பிடுங்கினதையே வீட்டில் விலைக்கு வாங்கி எரித்துக்கொண்டிருந்தோம். அந்த அரிவாளை மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் மலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க எனக்கு முகம் இல்லை.

காட்டின் நடுவில் நிற்கிற பசுமை மாறாக் காடு சுலபத்தில் தீப்பிடிக்காது. ஈரமும் நிழலும் அதைக் காக்கும். ஆனால் அடிவாரத்துக் காய்ந்த காட்டில் விறகெடுத்தும் மாடு மேய்த்தும் தீ வைத்தும் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு கோடையிலும் புல் ஒரு முழம் மேலே ஏறும், சோலை ஒரு முழம் பின்வாங்கும். தை, மாசியில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவோம். வெட்டிய கோட்டைத் தாண்டியும் தீ போனதை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். பச்சை ஓலையால் அடித்து அடித்துக் கை கொப்பளித்த ராத்திரிகள் அவை. விடிந்து பார்த்தால் சோலையின் ஓரத்து மரங்கள் அடி கருகி, இலை பழுத்து நிற்கும். உயிரோடு நிற்கிறது என்று நினைப்போம். அடுத்த வருஷம் பட்டுப்போயிருக்கும்.

1994-95 வாக்கில் உலக வங்கிப் பணத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதுவரை அரிவாள் பிடுங்கின எங்களை ஊருக்குள் போய்க் கூட்டம் போடச் சொன்னார்கள். கிராம வனக்குழு, சுழல் கடன், சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு. முதல் கூட்டத்துக்கு வேப்ப மரத்தடியில் பாய் விரித்துக் காத்திருந்தோம். மூன்று பேர் வந்தார்கள், அதில் இருவர் பிள்ளைகள். ஆறு மாதம் எங்கள் பேச்சை யாரும் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. ஒரு பெண் கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கி, பால் பணத்தில் தவணை கட்டி, அடுத்த கடனையும் வாங்கின பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். சிலர் தையல் கற்றார்கள், பலர் பீடித்தட்டை எடுத்தார்கள். மலைக்கு ஏறுகிற வரிசை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முழுப் பெருமையையும் குழுக்களுக்குத் தருவார்கள். நேரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழுக்கள் பாதி வேலை செய்தன, மீதியைக் கேஸ் சிலிண்டர் செய்தது. வயல் மாடு குறைந்து டிராக்டர் வந்ததும் மேய்ச்சல் தானாகக் குறைந்தது. ஆனால் குழுக்கள் இன்னொன்றைச் செய்தன, அது எந்தக் கணக்கிலும் வராது. தீ தெரிந்தால் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்தது. முன்னெல்லாம் புகையைக் கண்டு நாங்கள்தான் ஓடுவோம்.

புலிக் கணக்கெடுப்பைப் பற்றி ஊரில் எப்போதும் கேட்பார்கள். எங்கள் காலத்தில் அது கண்ணாடியும் மாவும். புலித்தடம் கண்டால் அதன்மேல் கண்ணாடிப் பலகை வைத்து, பின்னங்கால் இடது பாதத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, பிறகு தாளில் பதிவெடுப்போம். நல்ல தடமானால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி அச்சு எடுப்போம். ஈர மண்ணில் பதிந்த பாதமும் புழுதியில் பதிந்த பாதமும் ஒரே புலிக்கே வேறு வேறாகத் தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம், பழங்காட்டுக்குள் தடமே விழாது. கணுக்கால் புதைய இலைச்சருகு. புலி நடந்தால் சருகு அமுங்கி மறுபடி நிமிர்ந்துவிடும். ஆகவே ரோட்டோரமும் ஓடை மணலும்தான் எங்கள் கணக்கு. நடுக்காட்டில் இருந்த புலி எங்கள் தாளில் ஏறியதே இல்லை.

2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்தபோது, நாடு முழுக்க இந்தத் தடக் கணக்கின் லட்சணம் வெளியே வந்தது. அதன் பிறகு தானியங்கிக் கேமரா. வழியின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொன்று கட்டவேண்டும், ஏனென்றால் புலியின் இடது விலாக் கோடும் வலது விலாக் கோடும் ஒன்றுபோல் இருக்காது. எங்கள் மலையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். யானை பிடுங்கிப் போடும். அதெல்லாம் பழகிவிட்டது. முதல் வருஷம் ஒரு கார்டைப் போட்டுப் பார்த்தபோது, நான் 20 வருஷமாக நடந்த பாதையில், நான் தாண்டிப் போன 40 நிமிஷத்துக்குப் பிறகு ஒரு பெண் புலி நடந்திருந்தது. படத்தில் என் பூட்ஸ் தடத்தின்மேல் அதன் முன்னங்கால். 20 வருஷத்தில் அந்தப் பாதையில் நான் புலியைக் கண்ணால் பார்த்ததில்லை. எத்தனை முறை அது என்னைப் பார்த்திருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி முகாமில் தூக்கம் வரவில்லை.

சிங்கவால் குரங்குக்குத் தரை வேண்டியதில்லை. பிறந்து சாகும்வரை பெரும்பாலும் கொப்பு மாற்றிக் கொப்பு போகிற பிராணி. மரத்தலைகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு உலகம் உண்டு. நடுவே ஒரு ரோடு அகலமானால் கூட்டம் இரண்டாகும். அதன் முக்கியச் சாப்பாடு வெடிப்பலா. பலா மாதிரி முள்ளுக்காய். பழுத்தால் மரத்திலேயே வெடிக்கும். பழுக்கும் முன்பே குரங்கு முள்ளைக் கிழித்து விதையை எடுத்துவிடும். 1990-களில் கணேஷ், சௌபத்ரா தேவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காக்காச்சிக் காட்டில் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறி ஆராய்ந்தார்கள். வெடிப்பலாப் பூவை நான் முதன்முதலில் கையில் வைத்துப் பார்த்தது அந்தக் காலத்தில்தான். இதழே கிடையாது. பழுப்பு நிறக் குழல். கொப்பின் உடம்பிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். சதைப்பிடிப்பாக, நாக்கில் வைத்தால் லேசாக இனிக்கும். வேறு பழம் இல்லாத மாதங்களில் அந்தப் பூவைப் பகலில் குரங்கும் அணிலும், ராத்திரியில் மரநாயும் பறக்கும் அணிலும் வௌவாலும் தின்கின்றன என்று அவர்கள் பதிவு செய்தார்கள். கீழே நின்று எத்தனையோ வருஷம் அந்தப் பூ உதிர்ந்து கிடந்ததை மிதித்து நடந்திருக்கிறேன். மேலே நடந்த விருந்து எனக்குத் தெரியாது. முன்பு பிளைவுட்டுக்கென்று வெடிப்பலாவைத்தான் தேடித் தேடி வெட்டினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

ஆடி அமாவாசை வேலை தனி. காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். எங்கள் குடும்பத்துக்கும் அவர்தான் சாஸ்தா. சின்ன வயதில் அப்பாவோடு மாட்டு வண்டியில் வந்து, ஆற்றோரம் குடில் போட்டுத் தங்கியிருக்கிறேன். பட்டவராயன் சன்னதியில் ஜனங்கள் காணிக்கையாகத் தொங்கவிடும் செருப்பு அடுத்த வருஷம் தேய்ந்திருக்கும், சாமி அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்று அப்பா காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்காருவார். கடைசியாகப் பட்டம் கட்டின தீர்த்தபதி ராஜா 2020-இல் காலமாகிவிட்டார். அதே திருவிழாவில் காக்கிச்சட்டையோடு நின்று, குடில் போட மரம் வெட்டாதே, பிளாஸ்டிக் கொண்டுபோகாதே என்று சொந்தச் சித்தப்பாவையே மறிக்கவேண்டியிருந்தது. "சாமிக்கே காவலாடா நீ?" என்றார். பதில் சொல்லவில்லை. கூட்டம் கலைந்த மறுநாள் ஆற்றில் துணியும் பையுமாக அள்ளிக்கொண்டிருந்தபோது, மிளா ஒன்று பாலித்தீன் பையை மென்று நிற்பதைப் பார்த்துச் சித்தப்பா மகன் என் கூட இறங்கி அள்ளினான். இப்போது தங்கும் நாளும் வண்டியும் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கின்றன. அது இன்னும் இறுகவேண்டும் என்பது என் எண்ணம். சாஸ்தாவே காட்டுச் சாமிதானே.

மாஞ்சோலையைச் சொல்லாமல் இந்த மலையின் கதை முடியாது. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கரை 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். வழக்குச் செலவில் பட்ட கடனுக்காக விட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று காட்டின் நடுவே தோட்டங்கள் வந்தன. அட்டைக்கும் மழைக்கும் நடுவே மூன்று நான்கு தலைமுறை அங்கே கொழுந்து பறித்தது. 1999 ஜூலை 23 அன்று அவர்கள் கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது தடியடியில் சிதறி ஆற்றில் விழுந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த ராத்திரி நான் மணிமுத்தாறு செக்போஸ்டில் இருந்தேன். மலைக்கு மேலே போகவேண்டிய பஸ் போகவில்லை. அந்த இருட்டை என்னால் மறக்க முடியாது.

2028-இல் குத்தகை முடிகிறது. 2024-லேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஜனங்களுக்கு வீடும் பிழைப்பும் கொடுக்காமல் காட்டைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கிடையாது. விறகுக்காரப் பெண் என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். தேயிலையை விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடுமா என்றும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கவாத்து வெட்டாமல் விட்டால் தேயிலைச் செடியே மரமாகிவிடும். அதன் அடியில் வேறொன்றும் சுலபத்தில் முளைக்காது. ஆகவே சோலையை ஒட்டிய வரிசைகளிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலையைப் பிடுங்கி, அந்தச் சோலையிலேயே பொறுக்கிய விதையில் கன்று போட்டு நடவேண்டும். தேக்கு, சில்வர் ஓக் என்று சீக்கிரம் வளருகிறதை நட்டுப் படம் எடுத்துக் காட்டக்கூடாது. சிங்கவால் குரங்கு நாலுமுக்கிலிருந்து காக்காச்சிக்கு மரத்தின்மேலேயே போக இன்னும் இரண்டு தலைமுறையாவது ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இதில் கை வைக்கவேண்டாம்.

எங்களுக்குத் தினமும் ரோந்துப் புத்தகம் எழுதுகிற கடமை இருந்தது. என் ஆரம்ப காலத்தில், எழுத ஒன்றும் இல்லாத நாளில் 'விசேஷம் இல்லை' என்று எழுதினால் அப்போதிருந்த ஓர் அதிகாரி கோபப்படுவார். கேஸ் எத்தனை, பிடித்த ஆள் எத்தனை என்பார். எண்ணிக்கை காட்டத்தான் நானும் அரிவாள் பிடுங்கினேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் அந்த இரண்டு வார்த்தையை மன நிறைவோடு எழுதப் பழகினேன்.

2019-இல் ஓய்வுக்கு முந்தின வாரம், புதிதாகச் சேர்ந்த வனக்காப்பாளரோடு செங்கல்தேரிக்கு ஏறினேன். அடிக்கட்டை பாதி உளுத்துப் பாசி மூடியிருந்தது; மேலே ஒரு பெரணி. இரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒருவர்தான் உட்காரலாம். கன்று என் தலைக்கு மேலே ஒன்றரை முழம் போயிருந்தது. தண்டைப் பிடித்துப் பார்த்தேன், மம்பட்டிக் கணை பருமன். 35 வருஷம். உச்சியில் அதே சிவப்புத் துளிர். தம்பியை அடிக்கட்டையில் உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. அவர் கோட்டுக்குள்ளே போனை மறைத்துப் பிடித்துக்கொண்டு, ரோந்துச் செயலியில் இடத்தைப் பதிந்துவிட்டு, "வேற என்ன சார் போட?" என்றார்.

"விசேஷம் இல்லைன்னு போடுங்க தம்பி."

அவர் போட்டார். நாங்கள் சாக்ஸை உதறி அட்டைகளை எடுத்துப் போட்டுவிட்டு ஓடைப்பக்கம் இறங்கினோம்.